ரம்பம் ஆண்களின் தனிச் சொத்தா?

அறிவியல் கண்காட்சி என்றவுடன் மின்னணுக் கருவி ஒன்றைச் செய்து வைக்க வேண்டுமென்ற ஆவல் எங்களுக்கும் எழத்தான் செய்கிறது. மழைத்துளி பட்டால் மணியடிக்கும் கருவி, இருட்டியதும் தானே எரியும் விளக்கு என எத்தனையோ செய்கிறோம். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் இனங்காண்கிறோம், ஈயப்பற்று வைக்கிறோம். ஆனால் செம்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டை அளவுக்கு வெட்டும் வேலை வந்துவிட்டால் மட்டும், "அண்ணா, கொஞ்சம் வெட்டிக் கொடேன்!" என்று கெஞ்சுகிறோம். அண்ணன் இல்லாத வீட்டில் எதிர்வீட்டு மாமா. அவர்களுக்கு நேரமில்லையென்றால் கருவியும் இல்லை! இந்நிலை மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

அந்தப் போர்டு அப்படியென்ன கருங்கல் பாறையா? பெரும்பாலும் அதன் தடிமன் 1.6 மில்லிமீட்டர்தான். மேலுள்ள செம்போ ஏறக்குறைய 0.035 மில்லிமீட்டர். பழுப்பு நிறப் போர்டு, காகிதத்தைப் பினாலிக் பிசினில் தோய்த்து அழுத்தியது. இளம்பச்சையாகத் தெரிவது, கண்ணாடி இழைத் துணியை எபாக்சிப் பிசினில் தோய்த்தது. கற்றுக்கொள்பவர்களுக்குப் பழுப்பு நிறமே ஏற்றது என்போம். கண்ணாடி இழை எந்தக் கத்தியையும் விரைவில் மழுக்கிவிடும்.

வெட்டுவதற்கு மின்சார இயந்திரம் எதுவும் தேவையில்லை. இரும்பு ஸ்கேல், உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்று, ஓர் அரம், உப்புத்தாள் ஆகியவை போதும். (பிளாஸ்டிக் ஸ்கேல் கூடவே கூடாது; பிளேடு அதையும் சேர்த்துச் செதுக்கிவிடும்.) கோடு போட்டு, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பிளேடின் உடைந்த முனையால் நம் பக்கமாக இழுத்து இழுத்துக் கீற வேண்டும். முதல் சில கீறல்கள் மெதுவாக இருக்க வேண்டும். அவசரப்பட்டால் முனை வழுக்கிச் செம்பில் கோடு விழும். பிறகு மறுபக்கத்திலும் அதே கோட்டுக்கு நேராகக் கீறி, பள்ளத்தை மேசை விளிம்பில் பொருத்தி அழுத்தினால், தட்டை முறுக்கு ஒடிவதுபோல் நேராக ஒடிந்து வரும். வளைவாகவோ மூலை விட்டோ வெட்டத்தான் ரம்பம் வேண்டும். அதற்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு நல்லது. பெரிய பல் மெல்லிய போர்டில் சிக்கி ஓரத்தைப் பிய்த்துவிடும்.

தையல் வகுப்பில் நாங்கள் செய்வதும் இதுதானே! அளவெடுத்து, கோடு போட்டு, தையலுக்குத் துணி விட்டு வெட்டுகிறோம். இங்கே அரம் தேய்ப்பதற்காக ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். கை பழகிய வேலை, பொருள்தான் வேறு.

"கையை வெட்டிக்கொண்டால் என்ன செய்வது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பத்து வயதிலேயே எங்களை அரிவாள்மனையின் முன் உட்கார வைத்து வாழைக்காய் நறுக்கச் சொன்னபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே! மறைக்கல்வி வகுப்பில் நாசரேத்தூர் தச்சுப் பட்டறையைப் பற்றிப் படிக்கிறோம். அந்த வீட்டின் அன்னை ஒருநாளேனும் சூசையப்பருக்கு ரம்பத்தை எடுத்துக் கொடுத்திராமலா இருப்பார்?

உண்மையில் அஞ்ச வேண்டியது பிளேடையன்று, பொடியைத்தான். கண்ணாடி இழைப் பொடி தோலை அரிக்கும். கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். ஆகவே மூக்கை முகமூடியால் மூடி, கண்ணாடி அணிந்து, போர்டை நீரால் நனைத்துக்கொண்டு திறந்த வெளியில் வெட்ட வேண்டும். அடுப்படியில் வேண்டவே வேண்டாம். பொடியை வாயால் ஊதுவதும் விளக்குமாற்றால் பெருக்குவதும் தவறு. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இதையெல்லாம் கற்றுத் தராமல் "தொடாதே" என்று மட்டும் சொல்வது பாதுகாப்பு ஆகாது.

வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர், 1936-ஆம் ஆண்டளவில் அச்சிட்ட மின்சுற்றைக் கொண்டு வானொலி செய்தது பெரிய தொழிற்சாலையில் அன்று; இலண்டனில் தாம் தங்கியிருந்த விடுதியில்தான்.

எங்கள் வேண்டுகோள் சிறியது. கைவேலை வகுப்பில் பூத்தையல் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது எங்களுக்குப் பிடித்தமானதே. தையல் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் அதே அறையில், கடைசி மேசையில் ஒரு வைஸ், நான்கு இரும்பு ஸ்கேல், ஒரு டஜன் பிளேடு, சில அரங்கள். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பாடவேளை. போர்டை நாங்களே வாங்கி வருகிறோம்.