பாலத்துக்கு டெண்டர் விடும் முன் கேட்க வேண்டியது

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஆற்றைக் கடக்காமல் அன்றாட வேலைகள் நடப்பதில்லை. லெப்பைக்குடிகாட்டிலிருந்து வெள்ளாற்றைத் தாண்டினால் திட்டக்குடி. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் செல்ல கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். சிமெண்ட் ஆலைகளின் லாரிகளும் இந்த மாவட்டச் சாலைகளில்தான் ஓடுகின்றன. ஆனால் புதிய பாலம் ஒன்று அறிவிக்கப்பட்டால், எத்தனை கோடி, யாருக்கு டெண்டர் என்பதோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது.

திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டு அருகே தென்பெண்ணையில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, அது அடித்துச் செல்லப்பட்டது. வினாடிக்கு சுமார் 54 ஆயிரம் கனஅடி நீருக்குத்தான் பாலம் வடிவமைக்கப்பட்டது, வந்ததோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்று அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. இதை இயற்கைச் சீற்றம் என்று சொல்லி முடித்துவிட முடியுமா? மேலே இருப்பது சாத்தனூர் அணை. அதன் மதகுகள் எவ்வளவு நீரை வெளியேற்றும் என்பது அதே அரசின் கோப்பில் உள்ள கணக்கு. ஒப்பந்தக்காரர் எவ்வளவு நேர்மையாகக் கட்டியிருந்தாலும், வரைபடத்தில் எழுதிய வெள்ளம் சிறியதாக இருந்தால் பாலம் நிற்காது.

நம் பகுதிக்கு இது புதிய பாடம் அல்ல. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்று ரயில் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மருதையாறு ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் சிற்றாறு என்பது கவனிக்க வேண்டியது.

இந்திய சாலைக் காங்கிரசின் விதிகளும் இதையே கருதுகின்றன. அஸ்திவாரத்தைக் கணக்கிடும்போது, எதிர்பார்க்கும் வெள்ள அளவோடு ஒரு கூடுதல் பங்கைச் சேர்க்க வேண்டும். நீர்ப்பிடிப்புப் பகுதி 40,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் என்றால் 10 சதவீதம். 3,000க்குள் என்றால் 30 சதவீதம். சிறிய ஆற்றுக்குத்தான் பெரிய பங்கு. காரணம் எளிது: சிறிய பகுதியில் மழை ஒரே நேரத்தில் கொட்டி, ஒரே நேரத்தில் வந்து சேரும். அந்த வேகம் தூண்களின் அடி மணலை அரித்துவிடும். மணல் அள்ளி ஆற்றின் தரை தாழ்ந்த இடங்களில் ஆபத்து இன்னும் அதிகம். 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய பாலத் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. போக்குவரத்து அதற்கு முன்பே புதிய பாலத்துக்கு மாறிவிட்டதால் உயிர்கள் தப்பின.

இனி டெண்டர். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 குறைந்த விலைப் புள்ளியையே ஏற்கச் சொல்கிறது. ஆனால் அந்த ஒப்பீடு டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே எழுதிய தகுதிகளின்படிதான் நடக்க வேண்டும். ஆற்றில் ஆழ அஸ்திவாரம் போட்ட அனுபவம் கட்டாயம் என்று ஆவணம் சொல்லாவிட்டால், சாலை போட்டவரும் பாலத்துக்கு வந்துவிடுவார். பிறகு கமிஷன் என்று நாம் புலம்புவதில் பயனில்லை. (கமிஷன் இல்லை என்று நாம் சொல்லவில்லை.)

எனவே கேள்விகளை டெண்டருக்கு முன்பே கேட்க வேண்டும். எத்தனை கனஅடிக்கு வடிவமைப்பு? எந்த ஆண்டு வெள்ளத்தை வைத்துக் கணக்கிட்டார்கள்? மண் பரிசோதனை எத்தனை இடங்களில், எவ்வளவு ஆழம்? ஜமாஅத் பொறுப்பாளர்களோ படித்த இளைஞர்களோ தங்கள் பெயரிலேயே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நெடுஞ்சாலைத் துறைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.