ஒரு மேஜரும் ஒரு மென்பொருளும்

ஜெர்மன் ராணுவத்தில் கேப்டனுக்குத் தோளில் மூன்று நட்சத்திரம். பதவி உயர்ந்து மேஜர் ஆனால் ஒன்றே ஒன்றுதான்! நஷ்டக் கணக்கு மாதிரி தெரியும். ஆனால் அந்த ஒற்றை நட்சத்திரத்தோடு ஓக் இலைகளும் சேர்ந்து வரும். மதிப்பு அந்த இலைகளில்தான் இருக்கிறது. மூத்த அதிகாரிகள் வரிசையில் மேஜர்தான் முதல் படி; அடுத்தது லெப்டினன்ட் கர்னல்.

இந்தப் பதவியில் இருந்த ஃப்ளோரியான் ஃபாஃப் 2003-இல் ஒரு கட்டளையை மறுத்தார். துப்பாக்கி தூக்கச் சொன்ன கட்டளை அல்ல. ராணுவத்துக்கான ஒரு மென்பொருள் வேலை, அவ்வளவுதான். ஈராக் போரில் கலந்துகொள்ள மாட்டோம் என்று ஜெர்மனி அறிவித்திருந்தது. ஆனால் அமெரிக்க விமானங்கள் அதன் வான்வெளியில் பறந்தன. அமெரிக்க முகாம்களுக்கு ஜெர்மன் வீரர்கள் காவல் நின்றார்கள். தன் வேலையும் அந்தப் போருக்கு உதவுமோ என்று ஃபாஃப் அஞ்சினார். உதவாது என்ற உறுதி மேலதிகாரியிடமிருந்து வரவில்லை. வந்தது மனநலப் பரிசோதனை! கேள்வி கேட்டவருக்குப் பைத்தியமா என்று பார்த்திருக்கிறார்கள்.

2004-இல் ராணுவ நீதிமன்றம் அவரைக் கேப்டனாகப் பதவியிறக்கித் தீர்ப்பளித்தது. 2005 ஜூன் 21 அன்று லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசியல் சட்டத்தின் 4-ஆம் பிரிவு தரும் மனசாட்சிச் சுதந்திரம் சீருடை போட்டவருக்கும் உண்டு என்றது. ஈராக் போர் சர்வதேசச் சட்டப்படி சரிதானா என்பதிலேயே கடுமையான சந்தேகம் எழுப்பியது.

ஆளாளுக்கு மனசாட்சி பேசினால் ராணுவம் நடக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றம் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடவில்லை. வெறும் அரசியல் கருத்து போதாது, அந்த மனசாட்சி முடிவு உண்மையானது என்று தெரிய வேண்டும் என்றது. அதோடு, 'மேலிடத்துக் கட்டளை, செய்தேன்' என்ற சாக்கை 1945-க்குப் பிறகு நியூரம்பெர்க்கில் உலகமே கேட்டது. அந்தப் பாடத்தை மற்ற எந்த நாடு மறந்தாலும் ஜெர்மனி மறக்கக் கூடாது. கட்டளைகளை வாங்கிக் கீழே அனுப்பும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் மேஜர். அவர் யோசிக்காவிட்டால் வேறு யார் யோசிப்பது?

வழக்கில் ஜெயித்த பிறகாவது ராணுவம் பெருந்தன்மை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஃபாஃப் லெப்டினன்ட் கர்னல் ஆகவே இல்லை. மேஜராகவே இருந்துவிட்டார்.