தெரியாததைக் கண்டால்…

சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில் 2015ஆம் ஆண்டு முதல் ஓட்டுநரில்லா வாகனங்கள் சோதிக்கப்பட்டு வருகின்றன. ஏராளமான படங்களைக் காட்டி, கார், மிதிவண்டி, பாதசாரி ஆகியவற்றை அடையாளம் காண அவற்றின் கணினியைப் பழக்குகிறார்கள். ஆனால், லாரியிலிருந்து விழுந்த மெத்தையை அது முன்பு பார்த்ததே இல்லையென்றால் என்ன செய்யும்?

இக்கேள்வியின் முக்கியத்துவத்தை ஒரு விபத்து உணர்த்தியது. 2018 மார்ச் மாதம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர் சோதனைக் கார் மோதி உயிரிழந்தார். மோதுவதற்கு 5.6 வினாடிகளுக்கு முன்பே காரின் கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. கணினியோ அவரை வாகனம் என்றும் மிதிவண்டி என்றும் மாற்றி மாற்றிக் கணித்தது. காரில் இருந்த ஓட்டுநரும் சாலையைக் கவனிக்கவில்லை.

எதைக் கண்டாலும் கார் நின்றால் போக்குவரத்து தடைபடும் எனச் சிலர் கூறலாம். உண்மைதான்; காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பைக்காகத் திடீரென நின்றால், பின்னால் வரும் கார் மோதக்கூடும். ஆயினும், 'அது என்ன?' என்று தெரியும்வரை காத்திருக்காமல், 'வழியில் ஏதோ இருக்கிறது' என்று உணர்ந்ததுமே வேகத்தைக் குறைக்கலாம் அல்லவா? தாமதத்தை ஈடுசெய்யலாம், போன உயிரை மீட்க முடியாது. எனவே, தனக்குத் தெரியாததும் சாலையில் இருக்கும் என்பதை அறிந்து செயல்படும் காரையே நாம் சாலையில் அனுமதிக்க வேண்டும்.