ஒரே வளவு, ஒரே அப்பா

விடியமுன் எழும்பி, பிள்ளையின் ஹொக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஐஸ் அரங்குகளுக்கு ஓடும் அப்பாமாரே, அம்மாமாரே, இன்று உங்களைக் கொஞ்சம் கடிந்துதான் பேசப்போகிறேன்.

போன சனிக்கிழமை கார்த் தரிப்பிடத்தில் ஒரு தகப்பன் தன் ஒன்பது வயது மகனிடம் கேட்டார்: "உன்ர வயசில அண்ணா எத்தனை கோல் அடிச்சவன் தெரியுமே?" பிள்ளை தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை. அழுவது தெரியக்கூடாதாம். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்காமல் வந்துவிட்டேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்ராறியோவின் பிரான்ற்ஃபோர்ட் நகரில் வோல்ற்றர் கிறெற்ஸ்கி என்றொரு தொலைபேசி நிறுவன ஊழியர் இருந்தார். குளிர்காலத்தில் வீட்டுப் பின்வளவில் தண்ணீர் விட்டு உறையவைத்து, பிள்ளைகளுக்கு ஐஸ் தளம் போட்டுக் கொடுத்தார். மூத்த மகன் வெயின், அடித்த கோலும் அடிக்க உதவியதும் சேர்த்து, என்.எச்.எல். எனும் தொழில்முறை ஹொக்கி லீக்கில் 2857 புள்ளிகள் எடுத்தார். நடுவில் பிறந்த கீத்தை 1985இல் பஃபலோ அணி தெரிவுசெய்தது. ஆனால் ஓர் என்.எச்.எல். ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை. கடைசித் தம்பி பிறென்ற் ரம்பா பே அணிக்காக 13 ஆட்டங்கள் ஆடினார். கோல் 1, உதவியது 3. மொத்தம் 4 புள்ளிகள்.

அதே வளவு, அதே குளிர், அதே அப்பா. இனிச் சொல்லுங்கள், பயிற்சி போதாது என்று யாரைத் திட்டுவீர்கள்?

பிறென்ற் தோற்றவர் அல்லர். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் கனவு காணும் அந்த ஐஸில் 13 முறை இறங்கியவர். சிறிய லீக்குகளில் பல ஆண்டுகள் சம்பளத்துக்கு ஆடினார். பிறகு பொலிஸ் வேலைக்குப் போனார். கீத் அணி நிர்வாகத்தில் உயர்ந்தார். அண்ணனின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கண்ணுக்குத்தான் இவையெல்லாம் குறையாகத் தெரியும்.

இன்னொன்றையும் கேளுங்கள். பத்து வயதில் ஒரே பருவத்தில் 378 கோல் அடித்த வெயினை அரங்கில் கூச்சலிட்டு அவமதித்தவர்கள் யார்? மற்றப் பிள்ளைகளின் பெற்றோர். அந்தத் தொல்லையும் சேர்ந்துதான் பதினான்கு வயதில் அவரை வீட்டைவிட்டு ரொறன்ரோவுக்கு அனுப்பியது. கோல் அடிக்காத எங்கள் பிள்ளையை வைகிறோம். அடிக்கிற அடுத்த வீட்டுப் பிள்ளையையும் வைகிறோம். பிறகு யாருக்காக இந்த விளையாட்டு?

காசு கட்டுகிறோம், நித்திரை முழிக்கிறோம், உண்மைதான். அதற்கு வட்டி கேட்கும் இடம் பிள்ளையின் நெஞ்சு அல்ல. வரும் சனிக்கிழமை அண்ணனின் கணக்கை அரங்கிலேயே விட்டுவிட்டு வாருங்கள். காரில் ஏறியதும் கோலைப் பற்றிக் கேட்காதீர்கள். பிள்ளை தானாகத் தலைக்கவசத்தைக் கழற்றட்டும். பிறகு, "பசிக்குதா?" என்று மட்டும் கேளுங்கள்.