அமுச்சிக்கு எதுக்கு 128?

போன நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அன்னூர் பக்கம் சின்ன ஊர். ராத்திரி பத்து மணி இருக்கும். மாரியம்மன் கோயில் ரேடியோ செட்டில் ஒரு கும்மிப் பாட்டு ஓடியது. டம் டம் டம் டம் என்று நெஞ்சில் குத்துகிற அடி, அதுக்கு மேலே ஒரு பெண் குரல். பசங்க எல்லாம் குதித்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் வெத்தலை இடித்துக்கொண்டிருந்த என் அமுச்சி கேட்டுச்சு: "யாரு சாமி இந்தப் புள்ள? மூச்சே உடாமப் பாடுது?"

அந்தப் புள்ள அமுச்சிதான். இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி மாமா ஒரு டேப்ரிக்கார்டரில் பதிந்து வைத்த குரல். அதை அப்படி ஆக்கினவன் நான். கல்லூரி விழாவுக்காக விடுதி அறையில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் செய்த ரீமிக்ஸ். வாட்ஸ்அப்பில் ஊர் வரைக்கும் வந்து, கோயில் செட்டிலும் ஏறிவிட்டது. ரொம்பப் பெருமையாக இருந்தது, அமுச்சி அந்தக் கேள்வியைக் கேட்கிற வரைக்கும்.

அதனால் இது முதலில் என்னைத் திட்டி எழுதுவது. அப்புறம்தான் மற்றவர்களை.

சண்டைக்கு வருமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரீமிக்ஸே பாவம் என்கிற கட்சி இல்லை நான். படகோட்டி (1964) பாட்டு நியூ (2004) படத்தில் வந்தபோதும், சொர்க்கம் (1970) பாட்டு அழகிய தமிழ்மகனில் (2007) வந்தபோதும் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்களாம். என்னைக் கேட்டால் அந்த ரெண்டும் நேர்மையான வேலை. புதுப் பாடகரைக் கூப்பிட்டு, புது வேகத்தில் பாட வைத்தார்கள். புது வேகத்துக்கு ஏற்ற மாதிரி அவர் மூச்சு எடுத்தார். பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், ஒருத்தர் ஒரு வேகத்தில் பாடி வைத்த குரலை எடுத்து, அவர் பாடவே பாடாத வேகத்துக்கு இழுத்துக் கட்டுகிறோமே, அங்கே. அதுவும் ஒரு யோசனையும் இல்லாமல், ஏதோ எல்லாப் பாட்டும் 128-க்குத்தான் பிறந்தது மாதிரி.

128 என்றால் நிமிடத்துக்கு 128 அடி. பி.பி.எம். என்பார்கள். டிஜே ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குச் சறுக்கிப் போக வேண்டும் என்றால் ரெண்டும் ஒரே வேகத்தில் இருப்பது வசதி. வசதி, அவ்வளவுதான். அது சாஸ்திரம் ஒன்றும் இல்லை.

நான் செய்தது இது. கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றி, மென்பொருளிடம் "இது என்ன வேகம்?" என்று கேட்டேன். 144 என்றது. நம்பவில்லை. கையால் தட்டிப் பார்த்தேன், 96. ஏன் இந்தக் குளறுபடி? அமுச்சியின் கும்மி மூன்று மூன்றாக நடக்கும். ஒரு கொட்டுக்குள் மூன்று சின்ன அடி. மென்பொருளுக்கு இந்த மூன்று புரியாது. ரெண்டு ரெண்டாகக் கூட்டி எண்ணி 96-ஐ ஒன்றரை மடங்கு ஆக்கிவிட்டது. பாதி வேகம், இரட்டை வேகம், ஒன்றரை வேகம் என்று இந்த மாதிரி தப்புகள் சர்வ சாதாரணம். மென்பொருள் தேடுவது சத்தம் திடீரென்று எழும்புகிற இடங்களை. டிரம்ஸ் இருந்தால் ஒவ்வொரு அடியும் ஆணி அடித்த மாதிரி நிற்கும். வெறும் குரலில் அப்படி எதுவும் நிற்காது. 'ட', 'க' பரவாயில்லை, வெடித்து வரும். 'ம', 'வ', 'ல' எல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். எங்கே தொடங்கியது என்று நமக்கே சொல்ல முடியாது, அது பாவம் என்ன செய்யும்?

சரி, 96 என்று முடிவு செய்தேன். அதுவும் முழு உண்மை இல்லை! பாட்டுத் தொடக்கத்தில் 88. கடைசியில் 104. கும்மி கொட்டினவர்களுக்கு இது தெரியும், வட்டம் சூடாக ஆகக் கொட்டும் ஏறும். 96 என்பது வெறும் சராசரி. சராசரி ஆழம் பார்த்து ஆத்தில் இறங்கினவன் கதை தெரியும்தானே?

96-லிருந்து 128-க்கு ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு அதிகம். பழைய காலம் மாதிரி டேப்பையே வேகமாக ஓட்டினால் குரலும் கூடவே ஏறும். ஆறு சதவீத வேகத்துக்கு அரை சுரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இங்கே 33 சதவீதம், அதாவது ச-விலிருந்து மத்யமத்துக்குப் போய்விடும். அமுச்சி அஞ்சாம் வகுப்புப் பாப்பா ஆகிவிடும். அதனால் சுருதி மாறாமல் வேகம் மட்டும் மாற்றும் வழி. இதுவும் புதிது இல்லை. ஃப்ளானகன், கோல்டன் என்ற இரண்டு பேர் 1966-லேயே பெல் ஆய்வகத்தில் இதற்கு ஒரு வழி எழுதி வைத்தார்கள். இன்று ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில்கூட ஒரு பொத்தான். பொத்தானுக்குப் பின்னால் நடப்பது என்னவென்று எளிமையாகச் சொன்னால், குரலை ஒரு செகண்டில் சில நூறில் ஒரு பங்கு அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி நெருக்கி ஒட்டுகிறார்கள். மெதுவாக்க வேண்டுமானால் துண்டுகளைத் திரும்பப் போடுகிறார்கள். வேகமாக்க வேண்டுமானால் சிலதைத் தூக்கி எறிகிறார்கள். 128-க்கு நான் ஏற்றியபோது அமுச்சியின் ஒவ்வொரு நாலு செகண்டிலும் ஒரு செகண்டு குப்பைக்குப் போனது.

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். தொடக்கத்து 88 இப்போது 117, கடைசி 104 இப்போது 139. 128-ல் அடிக்கிற டிரம்மோடு ரெண்டுமே சேராது. அதனால் ஒவ்வொரு சொல்லாக வெட்டி, கட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். இடைவெளி வந்த இடத்தில் உயிரெழுத்தை இழுத்தேன். இடம் பத்தாத இடத்தில் மூச்சை வெட்டினேன். விடிகாலை மூன்று மணிக்கு எல்லாம் 'டைட்டாக' உட்கார்ந்துவிட்டது. அறைத் தோழன் "மச்சி, செம" என்றான்.

அப்புறம் நிதானமாகக் கேட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பாட்டில் 'மலை' என்று வருகிற இடத்தில் 'மாலை' என்று கேட்கிறது. 'கொடி' கிட்டத்தட்ட 'கோடி'.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோனது. மாத்திரை என்றால் கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் என்று தொல்காப்பியம் அளவு வைத்திருக்கிறது. நம் மொழியில் நேரம்தான் பொருள். ஒரு எழுத்தை எவ்வளவு நேரம் பிடிக்கிறோம் என்பதில் படம் பாடம் ஆகும், குடை கூடை ஆகும், படு பட்டு ஆகும். முழுப் பாட்டையும் ஒரே அளவில் வேகமாக்கினால் இந்த விகிதமாவது தப்பிக்கும். கட்டத்துக்குள் ஒவ்வொரு எழுத்தாகத் திணித்தால் அதுவும் போச்சு. ஆங்கிலப் பாட்டுக்காரன் சொல்லித்தருகிற வீடியோவைப் பார்த்துத் தமிழ்க் குரலை வெட்டுகிற நாம் இதை யோசிப்பதே இல்லை. குறில் நெடில் தப்பாக எழுதினால் தமிழய்யா கையில் அடி வாங்கியிருப்போம். தப்பாக வெட்டினால் லைக் கிடைக்கிறது!

"அட, ஆடறவனுக்கு இதெல்லாம் எதுக்குப்பா? அவனுக்கு அடி வேணும்" என்பார்கள். இந்த வாதத்தைக் கொங்கு நாட்டில் நின்றுகொண்டு சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாரியம்மன் நோம்பியில் கம்பம் சுற்றி ஆடுகிறார்களே, அங்கே மேளக்காரர் எந்த 128-ல் அடிக்கிறார்? ஆடுகிறவன் காலைப் பார்த்து அடிக்கிறார். ஆட்டம் ஏறினால் மேளம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். வள்ளி கும்மியும் அப்படித்தான். கோவைக்காரரான கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். அந்தக் கும்மியில் பாட்டு முன்னால் போகிறது, கால் பின்னால் போகிறது. இதை மட்டும் ஸ்டேட்டஸில் எழுத மறந்துவிட்டோம்.

உடுக்கைப் பாட்டு இன்னும் ஒரு படி மேலே. 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து, ராமசாமி என்ற பாடகர் சொல்லச் சொல்ல அண்ணன்மார் கதையை டேப்பில் பதிந்தார். 1982-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். நம் பொன்னர் சங்கர் கதைதான். உடுக்கைக்காரர் பேசுவார், பேச்சு பாட்டாகும், பாட்டு மறுபடி பேச்சாகும். எங்கே வேகம், எங்கே நிதானம் என்பதைக் கதை முடிவு செய்யும். அதற்கு என்ன பி.பி.எம். போடுவீர்கள்? 2019-ல் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டரை இலவசமாக வெளியிட்டதிலிருந்து எந்தப் பாட்டிலிருந்தும் குரலை மட்டும் உரித்து எடுக்கலாம். உடுக்கையைத் தூக்கி எறிந்துவிட்டுப் படுகளத்து அழுகையை 128-ல் குதிக்க வைக்க இன்று ஒருத்தனுக்குப் பத்து நிமிசம் போதும்.

சினிமாப் பாட்டுக்கும் இதே கதைதான். டி.எம். சௌந்தரராஜன் முதல் முதலில் சினிமாவுக்குப் பாடியது எங்கே தெரியுமா? நம்ம கோயமுத்தூரில். சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த கிருஷ்ண விஜயம், 1950-ல் வந்தது, இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று வாசிப்பார்கள். காதில் டிக் டிக் என்று அடிக்கிற க்ளிக் கிடையாது. ஒருத்தர் மூச்சை ஒருத்தர் பார்த்துக்கொண்டு போவார்கள். சரணத்துக்குள் நுழையும்போது கொஞ்சம் ஓடும், பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் உட்காரும். அது பிசகு இல்லை. அந்தக் குரலை உரித்து எடுத்துக் கட்டத்தில் போட்டு "சரி செய்கிறேன்" என்கிறவனுக்கு என்ன சொல்ல?

2024-ல் லால் சலாம் படத்துக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கியபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினோம், பணம் கொடுத்தோம் என்றார் ஏ.ஆர். ரஹ்மான். நான் பக்கத்து அறையில் படுத்திருக்கிற அமுச்சியிடம்கூடக் கேட்கவில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? தாளத்தைக் குரலுக்குப் போடுங்கள். மென்பொருள் சொல்கிற எண்ணை நம்பாமல், கண்ணை மூடிக்கொண்டு கையால் கொட்டுங்கள், பாட்டின் முதலில், நடுவில், கடைசியில். ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் முதல் அடியிலும் ஒரு குறி வையுங்கள். வேகம் ஏறுகிற இறங்குகிற கணக்கு அதிலேயே வந்துவிடும். பெரும்பாலான மென்பொருள்களில் அந்தக் கணக்கின் மேலேயே டிரம்மை ஓட்டலாம். குரலைத் தொடவே வேண்டாம். தொட்டே ஆக வேண்டுமா, அஞ்சு சதவீதத்துக்குள் நில்லுங்கள். மூச்சை வெட்டாதீர்கள். பழைய கேசட் என்றால் இன்னொரு சந்தேகமும் வேண்டும். பேட்டரி இறங்கின டேப்ரிக்கார்டரில் பதிந்திருந்தால் இப்போது ஓடுவதே அசல் வேகம் இல்லை. அமுச்சியின் கேசட்டும் அப்படித்தான் என்று மாமா அப்புறம் சொன்னார். (முதலிலேயே சொல்லியிருக்கலாம் மாமா!) பாடினவர் உயிரோடு இருந்தால் பாடிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அமுச்சி பாடிக் காட்டுச்சு. 88-ல் தொடங்குகிறது என்று நான் கணக்குப் போட்டிருந்தது 84-தான்.

ரெண்டு வாரம் ஆனது. முதல் ரீமிக்ஸுக்கு ஒரு ராத்திரிதான் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புதுசில் டிரம் அமுச்சி பின்னாலேயே போகிறது, மூன்று மூன்றாக. ஹெட்போனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கையை லேசாகத் தட்டுச்சு. "இது நான்தான். ஆனா பின்னால அடிக்கறவன் யாரு கண்ணு? கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லு, காது வலிக்குது" என்று கழற்றிக் கொடுத்துவிட்டது.

கல்லூரியில் போட்டுக் காட்டினேன். "டல்லா இருக்கு மச்சி" என்றார்கள். ஊரில் ரேடியோ செட்டுக்கார அண்ணனிடம் பென் டிரைவில் கொடுத்தேன். "பழசு அடுத்த பாட்டோட நல்லா ஒட்டுதுங்க தம்பி, இது ஒட்ட மாட்டேங்குதுங்களே" என்றார். பென் டிரைவை நான் திருப்பி வாங்கவில்லை. அடுத்த நோம்பிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கிறது.