யன்னலடியில் ஒரு கதிரை

பள்ளிக்கூடம் தொடங்கிக் கொஞ்ச நாளில், படக்காரர் எடுத்த படங்கள் கடித உறைக்குள் வீட்டுக்கு வரும். வகுப்புப் படத்தைக் கையில் எடுத்து எங்கட பிள்ளையைத் தேடுவோம். மற்றப் பிள்ளையளின்ர கன்னம், நாடி, மூக்கு நுனி எல்லாம் தெளிவாக இருக்கும். எங்கட பிள்ளையில் பல்லும் கண்ணும் தெரியும், மிச்சம் நிழல். தனிப்படம் என்றால் சிலவேளை மறுபக்கமாகப் போயிருக்கும்: சாம்பல் தடவின மாதிரி ஒரு வெளிறல். பிள்ளையும் அதைப் பார்க்குது. சில பிள்ளையள் பேசாமல் மேசையில் வைச்சிட்டுப் போகும். சிலது கேட்டுவிடும்: "அம்மா, நான் இவ்வளவு கறுப்போ?"

"இல்லைக் குஞ்சு, நீ வெள்ளைதானே" என்று சொல்லுறது எங்கட வீடுகளில் பழகின பதில். இன்னொரு பதில் வாயால் சொல்லுறதில்லை: போனில் ஒரு ஃபில்ட்டரைப் போட்டு, முகத்தை ரெண்டு படி வெளிறப்பண்ணி, அந்தப் படத்தை அம்மம்மாவுக்கு அனுப்பிவிடுறது. பிள்ளை ரெண்டையும் ஒரே மாதிரித்தான் விளங்கிக்கொள்ளும். வேறொரு பதிலைச் சொல்லிப் பாருங்கோ. அது உண்மையும்கூட: "உன்னை எடுக்கத் தெரியாமல் எடுத்திருக்கினம். வா, நாங்கள் எடுப்பம்."

ஏன் உண்மை என்றால், அதை விளக்கி எழுதினவர் எங்கட மொன்றியலிலேயே இருந்தவர். கொன்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா ரோத், கலர்ப் படத்துக்கும் தோல் நிறத்துக்கும் உள்ள உறவு பற்றி 2009இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினா. பிலிம் காலத்தில், படம் கழுவுற கடைகளுக்குக் கொடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பா. அவவின்ர தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. அந்த அட்டைக்கு 'ஷேர்லி கார்ட்' என்று பேர். பிலிமும் அந்தத் தோலை மனதில் வைச்சுத்தான் செய்யப்பட்டது. வெள்ளைப் பிள்ளையும் கறுத்த பிள்ளையும் ஒரே படத்தில் நின்றால், ஒருத்தர் வடிவாக விழுவார், மற்றவர் இருட்டுக்குள் போவார்.

பிறகு கொடாக் ஏன் பிலிமைத் திருத்தினது என்று ரோத் விசாரிக்கிறா. கிடைச்ச பதிலை வாசிச்சபோது சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியேல்லை. சொக்லேட் கொம்பனியளும் மரத் தளபாடக் கொம்பனியளும் முறைப்பாடு செய்தவையாம். கறுப்புச் சொக்லேட்டுக்கும் பால் சொக்லேட்டுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியேல்லை, ஒரு மரத்துக்கும் மற்ற மரத்துக்கும் வித்தியாசம் தெரியேல்லை என்று. வெவ்வேறு நிறப் பெண்கள் சேர்ந்து இருக்கிற அட்டை 1990களின் நடுவில்தான் வந்தது. எங்களில் கனபேரின்ர சின்ன வயசு அல்பம் அதுக்கு முந்தினது. எடுத்துப் பாருங்கோ.

இப்ப போன்கள் திருந்திக்கொண்டு வருது. 2021இல் கூகிள் பிக்சல் 6 போனில் 'ரியல் டோன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, கறுத்த, மாநிறத் தோல்களைச் சரியாகக் காட்டவென்று. 2022இல், ஹார்வர்ட் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கின 10 படி நிற அளவுகோலை அதே நிறுவனம் வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் எந்தப் போனும் தானாக எழும்பிப் போய் யன்னலடியில் நிற்காது. அது எங்கட வேலை.

முதலில் கமரா எப்படி யோசிக்குது என்று தெரிஞ்சு வைச்சிருக்கிறது நல்லது. அடிப்படையில், தனக்கு முன்னால் இருக்கிறதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் அது வெளிச்சத்தை அளக்கும். ஜாரி பார்க்கில் பனிக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தினால், 'வெளிச்சம் கூடிப்போச்சு' என்று நினைச்சு எல்லாத்தையும் இருட்டாக்கும். பனி சாம்பலாகும், முகம் காணாமல் போகும். அதே கமராவோட கிட்டப் போய், கறுத்த முகம் படம் முழுக்க நிறையிற மாதிரி எடுத்தால், 'வெளிச்சம் காணாது' என்று ஏற்றிவிடும். அப்ப வெளிறல். இப்ப போன்கள் முகத்தைக் கண்டுபிடிச்சுக் கொஞ்சம் சமாளிக்கும், ஆனாலும் அடிக்கடி தவறும்.

ஆகவே திரையில் பிள்ளையின்ர முகத்தைத் தொடுங்கோ. அநேகமான போன்களில் பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு சின்ன அடையாளம் வரும். பனியில் என்றால் அதை மேலே தள்ளுங்கோ, முகம் நிறைஞ்ச படம் என்றால் கொஞ்சம் கீழே. தனிக் கமரா வைச்சிருக்கிறவர்கள் பனியில் +1 தொடக்கம் +2 வரை ஏற்றிப் பார்க்கலாம். எங்கே நிறுத்துறது? கன்னத்தில் வெளிச்சம் விழுகிற பக்கத்தைப் பாருங்கோ. அங்கே வெள்ளைத் திட்டு வராமல் தோல் தோலாகத் தெரிஞ்சால் அதுதான் அளவு.

வெளிச்சத்துக்கு வருவம், முழு வித்தையும் இதிலதான். வெள்ளைத் தோலில் முகத்தைச் செதுக்கிக் காட்டுறது நிழல். கறுத்த தோலில் அந்த வேலையைக் கனக்கச் செய்யிறது மினுக்கம்: நெற்றியில், கன்ன எலும்பில், மூக்குத் தண்டில் விழுகிற ஒளி. போனின்ர பிளாஷ் ஒரு சின்னப் புள்ளி. அது நெற்றியில் ஒரு புள்ளியாகவே திரும்பித் தெறிக்கும். யன்னல் பெரிசு. அதன்ர வெளிச்சம் கன்னம் முழுக்க அகலமாக, மெத்தென்று விழும். பிளாஷை நிப்பாட்டுங்கோ. பவுடரும் வேண்டாம். மினுக்கத்தைக் கொன்று சாம்பலைக் கொண்டுவாறது அநேகமாக அந்தப் பவுடர்தான். மொன்றியல் குளிர்காலத்தில் ஹீட்டர் காத்தில் பிள்ளையளின்ர தோல் காய்ஞ்சு வெளிறிப் போயிருக்கும், அதுக்கு ஒரு துளி கிறீம் பூசிவிட்டால் காணும். தேங்காய் எண்ணெய்க்காரருக்கும் இதில் ஒரு வெற்றி இருக்கு.

இனி எந்த யன்னல்? வில்லரேயில் இருக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்கவேணும். மொன்றியல்காரர் 'வடக்கு' என்று சொல்லுறது உண்மையில் வடமேற்கு. ஆற்றை வைச்சுத் திசை சொல்லிப் பழகின ஊர் இது. அதனால் ட்ரோலே, ஹென்றி ஜூலியன் மாதிரித் தெருக்களில் 'கிழக்குப் பார்த்த' வீடு உண்மையில் வடகிழக்கைப் பார்க்கும். காலையில் கொஞ்ச நேரம் வெயில், பிறகு நாள் முழுக்க மெல்லிய வெளிச்சம். முந்தின காலத்து ஸ்டூடியோக்காரர் காசு கொடுத்துக் கட்டின வெளிச்சம் இது. எதிர்ப்பக்க வீடுகள் தென்மேற்கைப் பார்க்கும். பின்னேர வெயில் நேராக உள்ளே வரும். அப்பிடியென்றால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கோ, அல்லது பின்பக்கக் குசினி யன்னலுக்குப் போங்கோ. டிசம்பரில் பின்னேரம் நாலேகாலுக்குள் சூரியன் மறைஞ்சிடும். வேலையால் வந்து எடுக்கலாம் என்று நினைக்காமல் சனிக்கிழமை காலையை ஒதுக்கிவிடுங்கோ.

யன்னலுக்கு மூன்று அடி தள்ளி ஒரு கதிரையைப் போடுங்கோ. முகம் யன்னலுக்கு நேராகவும் வேண்டாம், முழுக்கப் பக்கவாட்டாகவும் வேண்டாம், ரெண்டுக்கும் நடுவில். இருட்டான பக்கத்தில் டொலராமாவில் வாங்கின வெள்ளை ஃபோம் அட்டையை யாராவது பிடிச்சால் நிழல் தெளியும். அட்டை இல்லாட்டி வெள்ளை பெட்ஷீட். பின்னுக்கு வெள்ளைச் சுவர் இருக்கிறதைவிட செங்கல், மரம், கடும் பச்சைத் துணி நல்லது. முடி கறுப்பு என்றபடியால் பின்னணியைக் கன்னங்கரேல் என்று வைக்காதேங்கோ, தலை கரைஞ்சுபோகும்.

ஒரு வீட்டுக்குள்ளேயே நாலு நிறம் இருக்கும். அம்மா மாநிறம், அப்பா நல்ல கறுப்பு, பிள்ளை ரெண்டுக்கும் நடுவில். வில்லரேயில் அம்மாவோ அப்பாவோ கெபெக்குவா ஆக இருக்கிற வீடுகளும் கன. நிறம் கூடினவரை யன்னலுக்குக் கிட்ட இருத்துங்கோ, வெளிறின தோல்காரர் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். யன்னலை விட்டு ரெண்டு அடி தள்ளினாலே வெளிச்சம் நல்லாக் குறையும், அதை எங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கட கலியாணவீட்டுப் படங்களில் இதைத் தலைகீழாகச் செய்யிறவை. சிவந்த பெண்ணை லைட்டுக்கு முன்னால் விட்டுவிட்டுக் கறுத்த சித்தப்பாவைக் கடைசி வரிசை இருட்டில் நிறுத்தி, பிறகு 'அவர் படத்தில் விழமாட்டார்' என்று பகிடி வேறு.

நிறம் கெடுறதுக்கு முக்கிய காரணம் ரெண்டு வகை வெளிச்சம் கலக்கிறது. யன்னல் வெளிச்சம் நீலப்பக்கம், வீட்டுப் பல்ப் மஞ்சள் பக்கம். ரெண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சள், மற்றது சாம்பல், கமரா எதைத் திருத்தும்? படம் எடுக்கிற நேரம் அறை லைட் எல்லாத்தையும் அணைச்சுவிடுங்கோ. பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் பச்சை முகத்தில் ஏறும். பனி நாளில் நிழலான இடத்தில் எடுத்த படம் நீலம் பாய்ஞ்சு வரும், தோல் செத்த மாதிரி இருக்கும். போனின்ர திருத்தும் பகுதியில் வெதுமையைக் கூட்டினால் உயிர் திரும்பும். ஆனால் 'பிரைட்னஸ்' இழுத்து வெள்ளையாக்காதேங்கோ. முன்பக்கக் கமராவில் 'பியூட்டி' என்று ஏதும் ஓடுதோ என்று பாருங்கோ. சில போன்களில் நீங்கள் கேட்காமலே அது ஓடிக்கொண்டிருக்கும். கடைசியாக, போனைப் பிள்ளையின்ர கைக்குப் பக்கத்தில் பிடிச்சு, "சரியோ?" என்று பிள்ளையிட்டயே கேளுங்கோ. தன்ர நிறம் சரியா வந்திருக்கோ என்று பார்த்துச் சொல்லுற உரிமை அதுக்குத்தான்.

சென்னையில் 2017இல் நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் என்ற ரெண்டு பேர் 'டார்க் இஸ் டிவைன்' என்ற பேரில் ஒரு படத் தொடர் செய்தவை. லட்சுமி, சரஸ்வதி, முருகன் எல்லாரையும் கறுத்த மொடல்களை வைச்சு எடுத்தவை. நாட்காட்டியில் ரோஸ் நிறத்தில் பார்த்துப் பழகின தெய்வங்கள். பிள்ளையளுக்குக் காட்டுங்கோ, பின்னுக்கு இருட்டாக வைச்சு முகத்தில் மட்டும் ஒளி எப்படி ஏறியிருக்கு என்று சேர்ந்து பாருங்கோ. சமயப் பாடத்தோடு படப் பாடமும் நடக்கும்.

இருத்துறது பற்றிக் கொஞ்சம். 'சிரி, சிரி' என்றால் பல்தான் வரும். ஏதாவது கேளுங்கோ: இன்றைக்கு வகுப்பில் யார் பேச்சு வாங்கினது, ஹொக்கியில் யார் வென்றது. பதில் சொல்லி முடிச்ச அடுத்த நொடிதான் முகம். தோள் கமராவுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் திரும்பட்டும். கைக்கு ஒரு வேலை கொடுங்கோ, ஒரு தோடம்பழம் என்றாலும் பரவாயில்லை. கமரா பிள்ளையின்ர கண் உயரத்தில் இருக்கவேணும், முழங்காலில் நின்று எடுங்கோ. அம்மம்மா, அப்பப்பா சிரிக்காமல் நிமிர்ந்துதான் இருப்பினம். யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவில் பழகின இருப்பு அது, வற்புறுத்தாமல் அப்படியே எடுங்கோ. குடும்பமாக எடுக்க எங்கட தெருவெல்லாம் இருக்கிற வெளிப்படிக்கட்டைப்போல ஒன்று கிடையாது. ஆளுக்கு ஒரு படி, ஒரு முகமும் மறையாது. மப்பு நாளாகப் பார்த்துப் போங்கோ. முகில் மூடின வானம் முழுக்க ஒரு பெரிய யன்னல்தான். ஜனவரியில் அந்த இரும்புப் படியில் அம்மம்மாவை ஏற்றவேண்டாம்.

சாமத்தியவீடு, கலியாணம் என்று காசு கொடுத்து எடுப்பிக்கிறபோது, முன்பணம் கொடுக்கிற நேரத்திலேயே சொல்லிவிடுங்கோ: "மகளின்ர நிறத்தை மாத்தவேண்டாம், பருவை எடுக்கலாம், நிறத்தைத் தொடவேண்டாம்." கேட்காமலே வெளிறப்பண்ணுறது எங்கட படக்காரர் பலரின்ர பழக்கம். கேட்டால், "ஆக்கள் அதைத்தானே கேட்கினம்" என்பினம். அவையில பிழை இல்லை, கேட்டது நாங்கள்தான். மகள் பக்கத்தில் இருக்கிறபோதே சொல்லுங்கோ.

பிரிண்ட் போடக் கொடுக்கிற இடத்திலும் ஒரு பொறி இருக்கு. கன கடைகளில் இயந்திரம் தானாகத் திருத்தும். நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த முகம் அங்கே ஒரு படி வெளிறி வரும். 'தானியங்கித் திருத்தம் வேண்டாம்' என்று குறிச்சுக் கொடுங்கோ, அல்லது முதலில் ஒரேயொரு படத்தைப் போட்டுப் பாருங்கோ. ஊருக்கு வாட்சப்பில் அனுப்பிறது என்றால் படமாக அனுப்பாமல் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாமல் போகும். அம்மம்மாவிடம் இருந்து "பிள்ளை வெயிலில் திரிஞ்சு கறுத்துப்போச்சு" என்று குரல் பதிவு வந்தாலும் வரும். அதுக்குப் பதிலைப் பிள்ளையே சொல்லட்டும், தமிழில்.