கட்டணம் சொல்லும் ஆரூடம்

டிசம்பர் வந்தால் ஆரூடப் பட்டியல்களும் வந்துவிடுகின்றன. வரும் ஆண்டை ஆளப்போகும் பத்துத் தொழில்நுட்பங்கள், சமூக ஊடகத்தின் அடுத்த அலை, வணிகர்கள் தவறவிடக் கூடாத மாற்றங்கள் என்று ஆலோசனை நிறுவனங்களும் விளம்பர நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு வெளியிடுகின்றன. ஜனவரிக் கருத்தரங்குகளில் அவை வேதவாக்காக ஒலிக்கும். பொங்கல் கழிந்ததும் மறந்துபோகும். ஓராண்டு கழித்துப் பழைய பட்டியலை எடுத்து, எது பலித்தது, எது பொய்த்தது என்று கணக்குப் பார்ப்பவர்கள் அரிது. மழை வரும் என்று சொல்லி வராவிட்டால் வானிலை மையத்தை மறுநாளே கேலி செய்கிறோம். இவர்களை மட்டும் கேள்வியில்லாமல் விட்டுவிடுகிறோம்.

கணக்குப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2021 அக்டோபர் 28 அன்று ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டது. கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு மக்கள் மெய்நிகர் உலகில் கூடுவார்கள், வேலை பார்ப்பார்கள், மனைகூட வாங்குவார்கள் என்று பேசப்பட்டது. அந்த டிசம்பரின் பட்டியல்களில் மெட்டாவெர்ஸ் என்ற இந்த மெய்நிகர் உலகுக்குத்தான் ராஜமரியாதை. நடந்தது வேறு. 2022-இல் மெட்டாவின் மெய்நிகர் உலகுப் பிரிவு மட்டும் சுமார் 1,370 கோடி டாலர் நட்டம் கண்டது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, பெரிய ஆரவாரம் ஏதுமில்லாமல், சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது. இன்றுவரை உலகம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

தெரியாதவர்கள் சொன்னதால் பொய்த்தது என்றும் சமாதானம் கொள்ள முடியாது. ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃபைவிட வலையமைப்பை அறிந்தவர் யார்? 1996-இல் இணையம் பளு தாங்காமல் நிலைகுலைந்துபோகும் என்று 1995 டிசம்பரில் இன்ஃபோவேர்ல்டு இதழில் அவர் எழுதினார். பொய்த்தால் எழுதியதைத் தின்பதாகவும் சொன்னார். இணையம் நிலைகுலையவில்லை. 1997-இல் ஒரு மாநாட்டு மேடையில், அந்தப் பத்தி அச்சான தாளை மிக்சியில் போட்டு அரைத்து எல்லோர் முன்னிலையிலும் உட்கொண்டார். 2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ், வேண்டாத மின்னஞ்சல் தொல்லை 2 ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்றார். 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் தீரவில்லை. வடிகட்டும் நிரலைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அனுப்புகிறவருக்குக் கிடைக்கும் லாபம் நிற்காதவரை அனுப்புவதும் நிற்காது என்பதுதான் அந்தக் கணக்கில் விட்டுப்போயிற்று.

பலித்த ஆரூடம் ஒன்று உண்டு. 1965 ஏப்ரலில் எலக்ட்ரானிக்ஸ் இதழில் கார்டன் மூர் எழுதியது. ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இரட்டிக்கும் என்றார்; 1975-இல் அதை 2 ஆண்டுக்கு ஒருமுறை என்று திருத்திக்கொண்டார். அரை நூற்றாண்டுக் காலம் அந்தக் கணக்கு ஏறக்குறைய நிலைத்தது. எப்படி? எந்தக் கருவி வரும், எதை மக்கள் விரும்புவார்கள் என்ற ஆராய்ச்சியில் மூர் முதலில் இறங்கவில்லை. ஓர் உறுப்புக்கு ஆகும் செலவு எந்த அளவில் மிகக் குறைவாக இருக்கும் என்பதையே அளந்தார். தொழில்துறையும் அந்தக் கணக்கையே இலக்காக வைத்துக்கொண்டு ஓடியது. விலையைப் பின்தொடர்ந்தவரின் வாக்கு நிலைத்தது. கருவியைப் பின்தொடர்ந்தவர்களின் வாக்கு காற்றில் போயிற்று.

நம் நாட்டின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக் ராமுடன் கைபேசியில் பேசினார். பதினைந்தே நாளில், ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. பாடநூல்களில் இடம்பெறும் தேதிகள் இவை. ஆனால் அன்று எவர் வாழ்க்கையும் மாறிவிடவில்லை. கைபேசியில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம்; வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. ஊர் முழுக்க எஸ்.டி.டி. பூத் வாசலில்தான் நின்றது. 2003 மே மாதம் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அன்றிலிருந்துதான் கொத்தனார் கைக்கும் பூக்காரர் கைக்கும் கைபேசி போனது. கூடவே மிஸ்டு கால் பரவியது. 'வந்து சேர்ந்துவிட்டேன்', 'கீழே நிற்கிறேன்', 'நீயே கூப்பிடு' என்று காசில்லாமல் சேதி சொல்லும் வழியை எந்த ஆய்வுக்கூடமும் கண்டுபிடிக்கவில்லை. கட்டணப் பட்டியலைப் படித்த மக்கள் தாங்களே கண்டுபிடித்தார்கள்.

கட்டுப்படியாகும் நாள்தான் ஒரு கருவியின் உண்மையான பிறந்தநாள். நல்ல எண்ணத்தோடு போடப்பட்ட திட்டங்களும் இதற்கு விலக்கில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு இளைஞர் ஒருவர் கடல் சீற்றத்தை அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல, அந்த ஊர் மையத்தின் ஒலிபெருக்கி மக்களைக் கரையிலிருந்து விரட்டிக் காப்பாற்றியது. சுனாமிக்கு முன்பே, இந்த மையங்கள் தந்த துணிவில், 2007-க்குள் நாட்டின் 6 லட்சம் கிராமங்களுக்கும் அறிவு மையம் என்ற பெரிய இலக்கு வைக்கப்பட்டது. அறிவு கிராமத்துக்கு வரும் என்ற கணிப்பு சரி. கணினி வைத்த ஓர் அறையின் வழியாக வரும் என்பதுதான் தப்பிற்று. 1997-க்கும் 2001-க்கும் இடையில் வடகேரளக் கரையில் கைபேசி வந்ததும் நடந்ததைப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். மீனவர்கள் படகிலிருந்தே கரைகளின் விலையை விசாரித்தார்கள். விற்காமல் கொட்டப்பட்ட மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. அவர்கள் லாபம் சுமார் 8 விழுக்காடு கூடியது, வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. எந்தத் திட்டமும் இல்லை. கருவி கட்டுப்படியானது, அவ்வளவே.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ 4ஜி சேவையை இலவசமாகத் தொடங்கியபோதும் இதுவே பெரிய அளவில் நடந்தது. 4ஜி அதற்கு முன்பே இருந்தது, காணொளிகளும் இருந்தன. தரவின் விலை சரிந்ததும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தின் வயல்வெளியில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைப்பதைக் கோடிப் பேர் பார்த்தார்கள். பொதுமக்கள் யூபிஐ செயலிகளைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அதே 2016-தான். அந்த நவம்பரின் பணமதிப்பு நீக்கம் அதற்குத் தள்ளு கொடுத்தது. ஆனால் டீக்கடைச் சுவர்வரை கியூஆர் அட்டை ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணம், 2020 ஜனவரி 1 முதல் வணிகரிடம் அதற்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்ற அரசின் விதி.

விலையோடு ஆணையும் சேர்ந்துகொள்வதை இங்கே பார்க்கலாம். 2020-இல் இந்தியச் சமூக ஊடகம் எப்படி இருக்கும் என்று 2019 டிசம்பரில் எழுதியவர்கள் டிக்டாக்கைப் பற்றி எழுதாமல் இருந்திருக்க முடியாது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு விதித்த தடை சில வாரங்களில் விலக்கப்பட்டிருந்தது. 2020 ஜூன் 29 அன்று, சீனாவுடனான கல்வான் எல்லை மோதலுக்குப் பின் வெளியான ஓர் அரசு அறிவிப்பில் டிக்டாக் உட்பட 59 செயலிகள் ஒரே இரவில் போயின. 10 நாட்கள்கூட ஆகவில்லை, இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸை இங்கே இறக்கியது. கல்வான் பள்ளத்தாக்கை எந்த ஆலோசனை நிறுவனம் தன் சமூக ஊடகப் பட்டியலில் சேர்த்திருக்கும்? புதுமைக்குப் பலியும் உண்டு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துபவர் என்ற வாட்ஸ்அப் புரளியால் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். நாடெங்கும் இப்படி உயிர்கள் போன பிறகே, அந்த ஜூலையில் ஒரு செய்தியை 5 அரட்டைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. புதுமையைச் சொன்ன பட்டியல்கள் அதன் பலியைச் சொல்லவில்லை.

தமிழின் அனுபவம் இன்னும் சுவையானது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. நா. கோவிந்தசாமி, முத்து நெடுமாறன் போன்றோரின் உழைப்பால் தமிழ் எழுத்து திரையில் ஏறியது. தமிழ் 99 விசைப்பலகை வந்தது. குறியேற்றச் சண்டைகள் ஓய்ந்து யூனிகோடு நிலைத்தது. அந்த உழைப்பு இல்லையென்றால் இன்று தமிழில் ஒரு வரி தேட முடியாது. ஆனால் தட்டச்சு கற்றுக்கொண்டு தமிழர் இணையத்துக்குள் வருவார்கள் என்ற அன்றைய எதிர்பார்ப்பு முழுதாகப் பலிக்கவில்லை. பெரும்பான்மையோர் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள்: குரல் செய்தி அனுப்பி, காணொளி பார்த்து, ஒலிவாங்கியை அழுத்தித் தேடி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பாட்டியும் பேரனுக்குக் குரல் செய்தி அனுப்புகிறார். அடுத்த ஆண்டுகளின் திசை இந்தப் பழக்கத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

இந்தப் பின்னணியோடு 2026-ஐப் பார்ப்போம். செயற்கை நுண்ணறிவு இன்னும் கெட்டிக்காரத்தனமாகும் என்று எல்லாப் பட்டியல்களும் சொல்லும். நாம் முதலில் பார்க்க வேண்டியது அதன் கட்டணத்தை. 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டியின் கட்டணச் சேவையை ஓராண்டு இலவசமாகக் கொடுத்தது. அக்டோபர் இறுதியில் ஜியோ, கூகுள் ஜெமினியை 18 மாதங்களுக்கு இலவசமாக அறிவித்தது. நவம்பரில் ஓபன்ஏஐ தன் சாட்ஜிபிடி கோ திட்டத்தை இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசமாக்கியது. 2016 செப்டம்பரைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. முதலில் பழக்கம், பிறகு விலை. இந்த இலவசங்களில் சில 2026-இலேயே முடிகின்றன. அதற்குள் பள்ளிப் பிள்ளையின் வீட்டுப்பாடமும் சிறு வணிகரின் கணக்கும் வழக்கறிஞரின் மனுவும் அதன் மேல் சாய்ந்திருக்கும். பணமாகவோ, விளம்பரமாகவோ, நாம் கொட்டிய கேள்விகளாகவோ விலை வசூலிக்கப்படும்.

இரண்டாவது, குரல். தமிழில் சரளமாகப் பேசும் இயந்திரம் மலிவாகும்போது பொய்க் குரலும் மலிவாகிறது. 2018-இல் மறைந்த மு. கருணாநிதி 2024 ஜனவரியில் சென்னை விழா ஒன்றில் திரையில் தோன்றிப் பேசினார். அது அறிவித்துவிட்டுச் செய்தது. அறிவிக்காமல் செய்பவர்களும் இருப்பார்கள். 2026 தமிழகத்துக்குச் சட்டமன்றத் தேர்தல் ஆண்டு. வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு ஒரு தலைவரின் குரலில் வரும் துண்டு ஒலிப்பதிவை மறுத்து முடிப்பதற்குள் வாக்குச்சாவடி திறந்துவிடும். காவல் அதிகாரிபோல் நடித்து மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடி பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் எச்சரிக்க வேண்டிவந்தது. அங்கே ஏமாற்றியவருக்கு உதவிய கருவி சாதாரணக் காணொளி அழைப்புதான். பெற்ற மகனின் குரலே பணம் கேட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வீடும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஆணை. 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியா விதித்த தடை 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. பல நாடுகள் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இந்தியாவில் 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாதங்கள் அவகாசம். 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். அந்த அவகாசமும் மேற்சொன்ன இலவசக் காலமும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தரவு அதிகமாகத் திரளும் மாதங்களில் காவல் குறைவாக இருக்கிறது.

எனவே, வரும் ஆண்டைப் பற்றி எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இதன் விலை யாருக்குக் கட்டுப்படியாகிறது? இதை அனுமதிக்கவோ தடுக்கவோ போகும் அதிகாரம் யாரிடம்? கெட்டது நடந்தால் யார் தலையில் விழும்? இவற்றுக்கு விடை சொல்லாத ஆரூடம் விற்பனை விளம்பரம். தரவுப் பாதுகாப்பு விதிகளின் அவகாசத்தைக் குழந்தைகள் விஷயத்திலாவது அரசு சுருக்க வேண்டும். இலவசத் திட்டம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே, வாடிக்கையாளருக்குத் தெளிவான தமிழில் அறிவிப்பு அனுப்ப நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை காத்திருக்காமல், உங்கள் கைபேசியில் இருக்கும் இலவசச் சேவை எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே பார்த்துக் குறித்து வையுங்கள்.